வால் கனம்

நேபால்கஞ்ச்
விக்கிரம ஆண்டு 2050, கார்த்திக் 9

சிமிகோட் நிலையப் பொறுப்பாளர் மனசரா ரோகாயா அவர்களுக்கு,

நேற்றுக் காலை உங்கள் ஊரிலிருந்து கீழே வந்த விமானத்தைப் பற்றி எழுதுகிறேன். ரேடியோவில் கேட்டிருக்கலாம். ஆனால் ரேடியோவில் நான் ஒரு கேள்வி கேட்டால் ஹும்லா மாவட்டமே உட்கார்ந்து கேட்கும். அதனால் கடிதம். பதிலை அதே விமானத்தில் கொடுத்தனுப்புங்கள்.

கேப்டன் ஷேர்சன் இறங்கியதும் நேராக என் மேசைக்கு வந்தார். அவர் சொன்னது இது: "ஓடுபாதையில பாதிகூடத் தாண்டல. நான் இழுக்கவே இல்ல, மூக்கு தானா எந்திரிச்சுது. பிடியை முழுசா முன்னாடி தள்ளி முழங்கையால அழுத்திக்கிட்டு இருந்தேன். அப்பவும் மேல போவேன்னு அடம். இன்னும் ரெண்டு வினாடி அப்படியே போயிருந்தா அந்தரத்துல நின்னு கர்ணாலி ஆத்துப் பள்ளத்துல விழுந்திருப்போம்." பயணிகளை முன்னால் நகரச் சொல்லித்தான் மூக்கை இறக்கியிருக்கிறார்கள்.

வால் கனத்தால்தான் இப்படி நடக்கும். வேறு காரணமே கிடையாது. வால் அறையில் 158 கிலோ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் போவதற்குள் மூட்டைகளை இறக்கி எடுத்துப் போய்விட்டார்கள், இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக் காட்டியிருப்பேன். உண்மையான எடை எவ்வளவு? யாருக்காக மறைத்தீர்கள்? பதினோரு பயணிகள், இரண்டு விமானிகள். பதின்மூன்று உயிர்.

விசாரணை அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. திஹார், அதாவது தீபாவளி, விடுமுறைக்கு முன் அது காத்மாண்டு போய்ச் சேர வேண்டும்.

இந்திரஜித் தாரு
சுமைக் கணக்கு அலுவலர்


சிமிகோட்
கார்த்திக் 11

இந்திரஜித் பாயி,

போன வாரம் வரைக்கும் நான் உனக்கு அக்கா, தீதி; இந்த வாரம் பொறுப்பாளர் அவர்களா? சரி. நீ அனுப்பிய கடிதத்தை உறை ஒட்டாமல் கொடுத்தாயே, உன் கேப்டன் அதைப் படித்துவிட்டுத்தான் என் கையில் தந்தார். தந்துவிட்டு, "பையன் சூடா இருக்கான், நீங்க கண்டுக்காதீங்க" என்றார். நான் கண்டுகொண்டேன்.

தினமும் காலையில் தராசில் முதலில் நான்தான் ஏறுகிறேன். நாற்பத்தேழு காட்டினால் தராசு சரி. அன்றைக்கும் நாற்பத்தேழுதான் காட்டியது. அதற்குப் பிறகுதான் மூட்டைகளை ஏற்றினேன். காமிகள் ஆறு பேர், கொல்லுப்பட்டறைக்காரர்கள், பழைய இரும்பைக் கொடுத்துப் புது இரும்பு வாங்கக் கீழே போனார்கள். இரும்பு கண்ணை ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு தடவை நிறுத்தேன். ஆட்களையும் மடியில் வைத்திருந்த சுத்தியல், இடுக்கியோடு சேர்த்து நிறுத்தேன். எல்லாம் தாளில் இருக்கிறது.

யாருக்காக மறைத்தாய் என்று கேட்டிருக்கிறாய். ஐந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பொம்பளைக்குத் தராசு பிடிக்கத் தெரியுமா என்று இந்த ஊர் என்னைக் கேட்டுக் களைத்துப் போய் இப்போதுதான் நிறுத்தியிருக்கிறது. நீ மறுபடி ஆரம்பிக்காதே.

மூட்டைகள் பாங்கே சாலைக் கொல்லுப்பட்டறையில் இருக்கும். போய் நிறுத்துப் பார்.

மனசரா


நேபால்கஞ்ச்
கார்த்திக் 13

தீதி,

போய் நிறுத்துப் பார்த்தேன். 157. ஒரு கிலோ சாக்கின் ஈரம். உங்கள் தாள் சரி, நான் எழுதியது தப்பு. இதற்கு மேல் மன்னிப்பு கேட்க எனக்கு வராது.

ஆனால் இப்போது விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது. மொத்த எடை வரம்புக்குள் இருக்கிறது. வால் அறையும் வரம்புக்குள். அப்படியும் வால் கனத்திருக்கிறது. அப்படியானால் எடை சரி, எடை இருந்த இடம்தான் தப்பு.

விமானத்தை ஒரு விரல் நுனியில் தாங்கினால் எந்த இடத்தில் சாயாமல் நிற்குமோ, அந்த இடம் ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். முன்னால் தள்ளிப்போனால் மூக்கு கனக்கும், எழும்ப அடம் பிடிக்கும், விமானி திட்டிக்கொண்டே ஓட்டுவார். பின்னால் தள்ளிப்போனால் நேர்மாறு. பிடி லேசாகிவிடும், தொட்டால் திரும்பும், ஓட்டவே சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் ஆபத்து. மூக்கு ஒரு தடவை எழுந்தால் தானாகத் திரும்பி இறங்காது, எழுந்துகொண்டே போகும். என் கணக்குப்படி அன்றைக்கு அந்த இடம் எல்லையைத் தாண்டி நாலு விரல்கடை பின்னால் போயிருக்கிறது. நாலே விரல்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பதினோரு பேரில் யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள்?

இன்னொன்று புரியவில்லை. துணை விமானி திரும்பி "எல்லாரும் முன்னாடி வாங்க, சீக்கிரம்" என்று கத்தியிருக்கிறார். பின்னால் இருந்த யாரும் அசையவில்லையாம். இரண்டாம் தடவை கத்தியபோது ஒருவர் தவழ்ந்து மூன்றாம் வரிசைவரை வந்து, அங்கேயே தரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். மற்றவர்கள் அவர் பின்னால். நல்ல வேளை, அவ்வளவு நகர்ந்ததே போதுமாக இருந்தது. மூன்றாம் வரிசைக்கு மேல் ஏன் வரவில்லை? அங்கே கதவா இருக்கிறது?

மேலாளர் இன்றைக்கு என்ன சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஏம்பா இவ்வளவு நோண்டுற? சிமிகோட் நிலையத் தவறுன்னு ஒரு வரி எழுது. அந்தப் பொண்ணை எடுத்துட்டு வேற ஆளப் போட்டுரலாம்." எழுத மாட்டேன் என்றேன். ஆனால் அதற்குப் பதிலாக எழுத என்னிடம் இன்னும் ஒன்றும் இல்லை. பெயரும் இருக்கையும் அனுப்புங்கள்.

இந்திரஜித்


சிமிகோட்
கார்த்திக் 16

பாயி,

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. எப்போதும் உட்காருவது போல உட்கார்ந்தார்கள்.

நாலு விரல் கணக்கைப் படம் போட்டு வேறு அனுப்பியிருக்கிறாய். நான் பத்து வயதில் முதுகுக்கூடை தூக்க ஆரம்பித்தவள். கனத்தை அடியில் போட்டால் ஏற்றத்தில் கூடை பின்னால் இழுக்கும், கழுத்தெலும்பு கழன்றுவிடும். கனத்தை மேலே முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். உன்னைப் போல டேராடூன் போய்ப் படிக்காமலேயே இது தெரியும்.

நீ கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். பழைய படிவத்தில் வரிசைக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆறு வரிசை, ஆறு கட்டம். பின் வரிசை கனத்தால் கூட்டும்போதே தெரிந்துவிடும். உடனே வால் மூட்டையை எடுத்து மூக்கறையில் போடுவேன். நாலு மாதம் முன்னால் அசாரில் நீ புதுப் படிவம் அனுப்பினாய், பயணிகளுக்கு ஒரே ஒரு கட்டம், மொத்த எடை. "வரிசை எங்கே?" என்று எழுதிக் கேட்டேன். "எண்ணைப் போடுங்க, போதும். மீதியை நான் பாத்துக்கறேன்" என்று பதில் எழுதினாய். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

மீதியைப் பார்த்தாயா?

மனசரா


நேபால்கஞ்ச்
கார்த்திக் 18

தீதி,

பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு படிவத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆறு கட்டத்தை ஒன்றாக்கியது நான். மேலே குளிரில் நின்று எழுதுகிறவர்களுக்கு வேலை குறையும் என்று நினைத்தேன், பாராட்டும் வாங்கினேன். ஜனங்கள் எப்படியும் உள்ளே பரவித்தான் உட்காருவார்கள், சராசரி எடுத்தால் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இருக்கைச் சீட்டை நூறு தடவை குலுக்கிப் போட்டாலும் எல்லையைத் தாண்டாது. நேற்று முழுக்கப் போட்டுப் பார்த்தேன். கனமானவர்கள் எல்லோரும் கடைசி இரண்டு வரிசையில் இருந்து, நடு வரிசைகள் காலியாகக் கிடந்தால் மட்டும்தான் தாண்டுகிறது.

அப்படி யாரும் தற்செயலாக உட்கார மாட்டார்கள். யாரோ உட்கார வைக்க வேண்டும்.

மறுபடி பாங்கே சாலைப் பட்டறைக்குப் போனேன். தவழ்ந்து வந்த ஆளைக் கண்டுபிடித்தேன். பிர்க்கே காமி. தோளே ஒரு கதவு அளவு இருக்கிறது. நடந்த பேச்சு இதுதான்.

"ஏன்யா மூணாவது வரிசையோட நின்னுட்டே?"

"அதுக்கு மேல எடம் இல்லீங்களே."

"நடைவழி காலியாத்தான இருந்துச்சு?"

"காலியாத்தாங்க இருந்துச்சு." சிரித்தார். பக்கத்தில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். "சார் ரொம்பப் படிச்சவரு போல."

"முன்னாடி யாரு இருந்தா?"

"ஊர்த் தலைவர் ஷாஹி ஐயா. அவங்க அண்ணன். இன்னும் மூணு பெரியவங்க. அவங்க மேல இடிச்சுக்கிட்டுப் போய் விழச் சொல்றீங்களா?"

"விமானமே விழப்போகுதுய்யா!"

"விழுந்தா செத்துருவோம். விழாம பொழைச்சுட்டா? ஊருக்குத் திரும்பிப் போகணுமில்ல?"

கிளம்பும்போது என் பின்னாலேயே வந்து, "மேடம் நல்லவங்க, அவங்களுக்கு ஒண்ணும் வர வெச்சுராதீங்க" என்றார்.

காமிகளைத் தொடாத சாதி ஷாஹிகள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தாரு வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். படித்துவிட்டு வந்த பிறகு இதை எடை இல்லாத விஷயம் என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். நாலு விரல்கடை எடை இருக்கிறது.

உங்களுக்கு நினைவில்லை என்று எழுதினீர்கள். நான் நம்பவில்லை.

இந்திரஜித்


சிமிகோட்
கார்த்திக் 20

பாயி,

நினைவிருக்கிறது.

விமான வாசலில் நின்று நான்தான் சொன்னேன். "தலைவரே, நீங்க முன்னாடி வாங்க. பிர்க்கே, உங்க ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் பின்னாடி போ, நடுவுல வரிசை விட்டு உட்காருங்க." இவ்வளவுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஷாஹி வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லாதபடி நான் முந்திக்கொண்டேன். ஐந்து வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதவைச் சாத்தும்போது கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போவது போல வாயில் வந்துவிடும். முன்னெல்லாம் இரண்டு பேர், மூன்று பேர்தான் வருவார்கள், கட்டத்தில் எழுதும்போதும் தெரிந்துவிடும், மூட்டையை மாற்றிப் போட்டுச் சரிக்கட்டிவிடுவேன். அன்றைக்கு ஆறு பேர். கட்டமும் இல்லை.

உன் படிவத்தைக் காட்டி உன்னை அடித்தேனே, அது நிஜம்தான். ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். சட்டப்படி இது குற்றம் என்றும் தெரியும். அதனால்தான் நினைவில்லை என்று எழுதினேன்.

நான்கு நாளாக ஒரு விஷயம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. துணை விமானி கத்தியபோது அவர்கள் அசையாமல் இருந்தார்களே, அது நான் வாசலில் சொன்ன சொல். அது விமானத்துக்குள்ளும் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

அறிக்கையில் என் பெயரை எழுது. நிலையத் தவறு என்றே எழுது, பொய்யில்லை. ஆனால் "பயணிகள் சீராக அமரவில்லை" என்று மழுப்பாதே. ஏன் அமரவில்லை என்று எழுது. இல்லாவிட்டால் என்னை எடுத்துவிட்டு வேறொருவரைப் போடுவார்கள். அவரும் இதே வாசலில் நின்று இதையே சொல்வார்.

எனக்கு இந்த வேலை வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன். கெஞ்சவில்லை.

மனசரா


நேபால்கஞ்ச்
கார்த்திக் 25

தீதி,

அறிக்கை போய்விட்டது, பதிலும் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் காத்மாண்டு எதற்கும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. விடுமுறைக்கு முன் மேசையைக் காலி செய்கிறார்கள்.

மூன்று காரணம் எழுதினேன். ஒன்று, படிவம். வரிசைக் கட்டங்களை நீக்கியது நான், நிலையப் பொறுப்பாளர் எழுத்தில் கேட்டும் நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு, பொறுப்பாளர் சாதி பார்த்துப் பயணிகளைப் பிரித்து உட்கார வைத்தார். மூன்று, அதே காரணத்தால் ஆபத்து நேரத்தில் பயணிகள் நகரத் தயங்கினார்கள்.

மேலாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ரெண்டும் மூணும் எடு. அந்த வார்த்தை கம்பெனித் தாள்ல இருக்கக் கூடாது. பொண்ணு பேரு மட்டும் போதும்."

"எடுத்தா கணக்கு வராது சார்."

"என்ன கணக்கு?"

"நடு வரிசை ஏன் காலின்னு கேப்பாங்க. பதில் இல்லாம நாலு விரல் பின்னாடி போகாது."

"நீ எஞ்சினியரா, இல்ல சமூக சேவகரா?"

"அலுவலர் சார். கையெழுத்து என்னோடது."

அப்படியே அனுப்பினேன். முடிவு: ஆறு மாதத்துக்குச் சுமைத் தாளில் நான் கையெழுத்துப் போடக் கூடாது. இங்கே மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன், அது எனக்கு நன்றாகவே வருகிறது. நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள், ஆனால் ஒரு நிபந்தனை. பயணியிடமிருந்து எழுத்தில் முதல் புகார் வந்த அன்றைக்கு உங்களை எடுத்துவிடுவார்கள். என்ன புகார் என்று பார்க்க மாட்டார்களாம். மேலாளர் அதைச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார்.

புதுப் படிவம் இதோடு வருகிறது. ஆறு கட்டம். கனமானவர் முன்னால், இலேசானவர் பின்னால். அப்படி உட்கார வைத்தால் உங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வீர்கள் என்று கேட்கமாட்டேன்.

இந்திரஜித்


சிமிகோட்
மங்சிர் 12

பாயி,

இன்று காலை நடந்ததை எழுதிவிட்டுத்தான் அடுப்பு மூட்டப்போகிறேன்.

பனி இறங்குவதற்குள் கீழே போகிறவர்கள் கூட்டம். பத்துப் பேர். பிர்க்கே பனிக்கால வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார். ஷாஹியும் வந்திருந்தார், அங்கே நீதிமன்றத்தில் அவருக்கு ஏதோ நில வழக்கு. எல்லோரையும் நிறுத்தேன். எடையை வைத்து வரிசை போட்டேன். தொண்ணூறு கிலோ பிர்க்கே முதல் வரிசை, பள்ளிக்கூட வாத்தியார் அடுத்த வரிசை. ஷாஹி ஐம்பத்திரண்டு, ஆறாம் வரிசை.

பிர்க்கேயிடம் முதலில் சொன்னேன். கையிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டார். "வேணாம் மேடம். எனக்குப் பின்னாடியே போதும். பைசாக் மாசம் நான் இந்த ஊருக்குத்தான திரும்பி வரணும்."

"உனக்கு விருப்பமில்லேன்னா முன்னாடி உக்கார வெக்கல. மூட்டையில பாதிய எறக்கிட்டு வேற கணக்குப் போடறேன். நீயே சொல்லு."

ஓடுபாதையின் கோடியைப் பார்த்தார். அதற்கு அப்புறம் தரை கிடையாது, உனக்குத் தெரியும். பிறகு, "அன்னிக்கு என் பொண்டாட்டி புள்ளைங்க கூட இல்ல. இன்னிக்கு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஏறி முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஷாஹி படியில் கால் வைத்தவர் எடுத்துவிட்டார்.

"என்ன மனசரா, ஆள் மாறி உக்காந்திருக்கு?"

"எடைப்படி உக்காந்திருக்கு தலைவரே. உங்களுக்கு ஆறாவது வரிசை."

"அவனுக்குப் பின்னாலயா?"

"பிர்க்கேக்குப் பின்னால, வாத்தியாருக்குப் பின்னால, அஞ்சு வரிசைக்கும் பின்னால. நல்லாச் சாப்பிடுங்க, அடுத்த தடவை முன்னாடி வரலாம்."

யாரோ உள்ளே சிரித்தார்கள். நான் ஆறாம் கட்டத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.

"கீழ போனதும் புகார் எழுதித் தர்றேன். உன் வேலைய எடுக்கலேன்னா நான் ஷாஹி இல்ல."

"எழுதித் தாங்க. அதுக்கும் கீழ போகணுமே தலைவரே. ஏறுறீங்களா, நடக்குறீங்களா?"

கேப்டன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தீதி, மேகம் ஏறுது. ஆள் வருதா, கதவ சாத்தவா?" என்று கத்தினார். நடந்தால் பத்து நாள். ஷாஹி ஏறினார். விமானத்துக்குள் கூரை தாழ்வு, யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். பிர்க்கேயைத் தாண்டிக் குனிந்து போய்க் கடைசியில் உட்கார்ந்தார்.

அவர் எழுதித் தருவார். நான் செய்ததை நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். வருத்தமில்லை. சாவியையும் தராசையும் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுது.

மனசரா


நேபால்கஞ்ச்
மங்சிர் 14

தீதி,

சாவியைப் பெட்டியிலேயே வையுங்கள்.

பன்னிரண்டாம் தேதி விமானம் இறங்கி ஐந்து நிமிடத்தில் தலைவர் ஷாஹி என் மேசைக்கு வந்துவிட்டார். மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். புகார்த் தாள் கேட்டார். மேலாளர் உள்ளிருந்து ஓடிவந்து நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார், தன் பேனாவையே கொடுத்தார். தலைவர் பெயர் எழுதினார். ஊர், தேதி, இருக்கை எண். நல்ல கையெழுத்து. அடுத்த வரி, புகாருக்கான காரணம். அங்கே பேனா நின்றுவிட்டது.

"இதுல என்ன எழுதறது?" என்று கேட்டார்.

"நடந்தத எழுதுங்க" என்றேன்.

"பின்னாடி உக்கார வெச்சாங்கன்னு எழுதறேன்."

"பின்னாடி இருக்கை தப்பில்லீங்களே. எல்லா இருக்கையும் ஒண்ணுதான். உங்களுக்கு அதுல என்ன குறைன்னு எழுதணும்."

"முன்னாடி யாரு இருந்தாங்கறது…" என்று ஆரம்பித்தார். மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தேநீரைப் பார்த்தார். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் நீதிமன்றம், அவருடைய நில வழக்கு நடக்கும் அதே கட்டடம். சாதி பார்த்தேன் என்று தன் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் அதை எங்கே கொண்டுபோகலாம் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது. நான் சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

தேநீர் ஆடை கட்டிவிட்டது. பிறகு எழுந்து, "வழக்குக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். தாளை எடுத்துப் போகவில்லை.

இங்கே காகிதத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பாருங்கள், அவர் எழுதிய பெயரும், காலியான காரண வரியும் இருக்கும்.

இந்திரஜித்